முட்டிக்கு எப்போது தேதி குறிப்பது?

கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால், முகூர்த்த நேரத்தைக் கேட்பதற்கு முன்பே இப்போதெல்லாம் வந்து விழுகிற கேள்வி ஒன்று உண்டு: "மண்டபத்துல லிஃப்ட் இருக்கா?" கேட்பவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், பெரும்பாலும் பெண்மணியாக இருப்பார். பந்தி மாடியில் என்று சொல்லிவிட்டால் போதும், மொய்க் கவரை யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

முழங்கால் வலி ஒரே நாளில் ஆளை முடக்குவதில்லை. முதலில் வாசலில் உட்கார்ந்து கோலம் போடுவது நிற்கும். பிறகு சப்பணம் போட்டுச் சாப்பிடுவது. பிறகு மலைக்கோயில். பிறகு டவுன் பஸ் படிக்கட்டு. ஒவ்வொன்றையும் விடும்போது "வயசாகுதுல்ல" என்று ஒரு சமாதானம் துணைக்கு வரும். தைலம், நீ கேப், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணெய், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை என்று சில வருடங்கள் ஓடும். ராத்திரித் தூக்கமும் போன பிறகுதான் எக்ஸ்ரே.

"ஜவ்வு முழுக்கத் தேஞ்சிருக்கும்மா. எலும்போட எலும்பு உரசுது. மாத்திடலாம்" என்கிறார் மருத்துவர். அன்று இரவே வீடு இரண்டு கட்சியாகப் பிரிகிறது. "எங்க பெரியம்மா ரெண்டு முட்டியும் மாத்திக்கிட்டு இப்ப ஜம்முனு நடக்கறாங்க" என்று ஒரு தொலைபேசி அழைப்பு. "எங்க சித்தி நல்லாத்தான் இருந்தாங்க, ஆபரேஷன் பண்ணதுலேருந்து படுத்த படுக்கைதான்" என்று இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒரே அறுவை ஒருவரை எழுப்பி நடக்கவிட்டு இன்னொருவரை ஏன் கட்டிலோடு கட்டிப்போடுகிறது? பதிலின் பெரும்பகுதி அறுவை அரங்குக்கு வெளியே இருக்கிறது. எப்போது செய்துகொண்டார்கள், செய்துகொண்ட பின் முதல் ஆறு வாரம் வீட்டில் என்ன நடந்தது என்ற இரண்டிலும்.

இந்தியாவில் இந்த அறுவையின் பெயர் தெருவுக்கு வந்தது ஒரு பிரதமரால். 2000 அக்டோபரில், 75 வயது வாஜ்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்கால் மாற்றப்பட்டது. அவர் கால்களை இழுத்து இழுத்து நடப்பதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. 2001 ஜூனில் வலது முழங்கால். அடுத்த மாதமே ஆக்ராவில் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப்புடன் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார். "பிரதமரே பண்ணிக்கிட்டாரே, உனக்கு என்ன பயம்" என்ற வாசகம் அதன் பிறகு எத்தனை வீடுகளில் ஒலித்ததோ!

அவருக்கு அறுவை செய்ய நியூயார்க்கிலிருந்து வந்தவர் சித்தரஞ்சன் ரணாவத். இந்தியாவில் மருத்துவம் படித்து அமெரிக்கா போனவர். 1970-களில் நியூயார்க்கில் ஜான் இன்சால் என்ற அறுவை மருத்துவரும் பீட்டர் வாக்கர் என்ற பொறியாளரும் இவரும் சேர்ந்து வடிவமைத்த 'டோட்டல் காண்டைலர்' மூட்டு 1974-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று பொருத்தப்படும் மூட்டுகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். அதற்கும் முன்னால், 1890-ல், பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்பவர் யானைத் தந்தத்தில் முழங்கால் மூட்டு செய்து வைத்துப் பார்த்திருக்கிறார். கிருமித் தொற்று அவரைத் தோற்கடித்தது. இந்த அறுவையில் மருத்துவர்கள் இன்றைக்கும் அதிகம் பயப்படுவது அந்தத் தொற்றுக்குத்தான்.

பிரதமருக்குக் கிடைக்கிற கவனிப்பு சிந்தாதிரிப்பேட்டைச் சந்துக்குள் கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருவோம்.

'மூட்டு மாற்று' என்ற பெயரே பாதிப் பேரைப் பயமுறுத்துகிறது. முட்டியை வெட்டி எடுத்து எறிந்துவிட்டு இரும்பில் ஒன்றை மாட்டுவார்கள் என்ற நினைப்பு. நடப்பது பல்லுக்குத் தொப்பி போடுவது மாதிரியான வேலை. தொடை எலும்பின் அடி நுனியிலும் கெண்டைக்கால் எலும்பின் தலையிலும் கெட்டுப்போன பரப்பை மட்டும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவுகிறார்கள். மேல் எலும்புக்கு வளைந்த உலோகத் தொப்பி, கீழ் எலும்புக்கு ஒரு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே உறுதியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். ஒட்டுவதற்கு எலும்பு சிமென்ட். மாவு பதத்தில் பிசைந்து வைத்தால் கால் மணி நேரத்துக்குள் கல்லாகிவிடும். முட்டிச் சில்லு பெரும்பாலும் சொந்தச் சில்லுதான். சிலருக்கு அதன் உட்புறம் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பொத்தான் வைப்பார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தே செய்கிறார்கள். ஒன்றரை மணி நேர வேலை. நம் ஊரில் பலருக்குத் தேய்மானம் முட்டியின் உட்புறம் தொடங்கி, கால்கள் வில்லாக வெளியே வளைந்துவிடுகின்றன. அந்த வளைவும் இதே மேஜையில் நிமிர்கிறது. அதனால்தான் சிலர் "ஆபரேஷனுக்கு அப்புறம் உசரமாயிட்டேன்" என்கிறார்கள். சும்மா சொல்வதில்லை.

எக்ஸ்ரே சொல்லாதது

தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957-ல் வகுத்தார்கள். "உங்களுக்கு நாலாவது ஸ்டேஜ்" என்று இன்று சொல்லப்படுவது அந்தக் கணக்குத்தான். புற்றுநோய்க்குச் சொல்வதுபோல 'ஸ்டேஜ்' என்று சொல்வதாலேயே கேட்பவருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. எலும்பியல் மருத்துவர்கள் அறிந்த உண்மை வேறு. படத்தில் நாலாம் தரம் காட்டும் ஒருவர் தினமும் மார்க்கெட் போய்ப் பை நிறையக் காய்கறி தூக்கி வருவார். இரண்டாம் தரம் காட்டும் இன்னொருவர் பாத்ரூம் போக அழுவார். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், வலியைக் காட்டாது.

ஆகவே அறுவையைத் தீர்மானிக்கக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா? நிறுத்தாமல் கால் மணி நேரம் நடக்க முடிகிறதா? மாத்திரை இல்லாமல் ஒரு நாள் கழிகிறதா? ஒழுங்காகப் பயிற்சி, எடை, மருந்து என்று சில மாதம் முயன்று பார்த்தும் இதே நிலைதானா? கடைசிக் கேள்விக்குத்தான் நம்மில் அதிகம் பேரிடம் பதில் இருப்பதில்லை. பயிற்சி என்று கேட்டால், "தினம் வாக்கிங் போறேனே" என்பார்கள். வாக்கிங் வேறு, தொடைத் தசைக்கான பயிற்சி வேறு. தொடையின் முன்தசைதான் முட்டியின் ஷாக் அப்சார்பர்.

டென்மார்க்கில் நடந்து 2015-ல் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். அறுவைக்குத் தகுதியானவர்கள் என்று மருத்துவர்களே சொன்ன 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 12 வாரப் பயிற்சி, உணவு ஆலோசனை, செருப்புக்குள் வைக்கும் தாங்கி, தேவைப்பட்டால் வலி மருந்து. மறு பாதிக்கு அறுவையும் அதன் பிறகு இதே சிகிச்சையும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அறுவை செய்துகொண்டவர்களுக்கு நிவாரணம் தெளிவாக அதிகம். ஆனால் அறுவை இல்லாத பாதியில் நால்வரில் ஒருவர்தான் அந்த ஒரு வருடத்துக்குள் அறுவைக்குப் போயிருந்தார். கடுமையான பக்கவிளைவுகளும் அறுவைத் தரப்பில் 24, மறுதரப்பில் 6. அறுவை வேண்டாம் என்பதற்கும் இந்த ஆய்வைக் காட்டலாம், வேண்டும் என்பதற்கும் காட்டலாம். நிதானமாகப் படித்தால் கிடைப்பது ஒன்றுதான்: தேதி குறிக்க அவசரமில்லை, ஆனால் உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல வைத்தியம் கைவசம் இல்லை.

எடை விஷயத்தில் கணக்கு இன்னும் எளிது. ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் சுமையில் நாலு கிலோ குறைகிறது. அமெரிக்க ஆய்வொன்று 2005-லேயே அளந்து சொன்னது இது. ஐந்து கிலோ குறைப்பவர் வீட்டுக்கும் ரேஷன் கடைக்கும் நடந்து திரும்புவதற்குள் எத்தனை மூட்டையை இறக்கி வைக்கிறார் என்று பெருக்கிப் பார்க்கலாம்.

மருந்துக் கடையில் மாதக் கணக்கில் வாங்கப்படும் குளுக்கோசமைன் மாத்திரை? 2006-ல் வந்த பெரிய அமெரிக்கப் பரிசோதனையில் மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட அது மேலாக நிற்கவில்லை. 'துளை போட்டு மூட்டைக் கழுவிவிடலாம்' என்ற சிகிச்சை? ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்கு உண்மையாகவே கழுவினார்கள். சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். இரண்டு தரப்புக்கும் நிவாரணம் ஒன்றுபோலத்தான். 2002-ல் இந்த முடிவு வெளியானது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் தொற்று அபாயம் கூடும். "போன மாசம் ஊசி போட்டேன்" என்பதை அறுவை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "பார்த்தியா, ஆபரேஷன் வேண்டாம்னுதான் நானும் சொல்றேன்" என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தள்ளிப்போடுவதற்கும் ஒரு எல்லை உண்டு. வலிக்குப் பயந்து நடக்காமலிருக்கிற ஒவ்வொரு வருடமும் தொடைத் தசை சூம்புகிறது. எடை ஏறுகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. கால் முழுசாக நீட்ட முடியாமல் மடங்கியே நின்றுவிடுகிறது. அறுவைக்கு முன் எவ்வளவு மடக்க, நீட்ட, நடக்க முடிந்ததோ அதைப் பொறுத்தே அறுவைக்குப் பின் கிடைப்பதும் அமையும். எண்பது வயதில் தூக்கிக்கொண்டு வருகிறவரைவிட எழுபதில் நடந்து வருகிறவருக்குப் பலன் அதிகம். அதே சமயம் ஐம்பதுக்கு முன்னால் அவசரப்பட்டால், பிற்காலத்தில் இரண்டாவது அறுவை வர வாய்ப்பு கூடுகிறது. 2019-ல் 'லான்செட்' வெளியிட்ட தொகுப்பாய்வின்படி முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன. "பத்து வருஷம்தான் வரும்" என்ற பழைய பேச்சுக்கு இனி இடமில்லை.

உட்புறம் மட்டும் தேய்ந்தவர்களுக்குப் பாதி மூட்டு மட்டும் மாற்றும் வழியும் உண்டு. காயம் சிறியது, குணமாவது சீக்கிரம். ஆயுள் சற்றுக் குறைவு. ரோபோ அறுவை, தங்க மூட்டு என்ற விளம்பரங்களுக்கு இந்தக் கட்டுரை அதிக இடம் தரப்போவதில்லை. ரோபோ எலும்பைத் துல்லியமாகச் சீவ உதவுகிறது என்பது உண்மை. சில வருடம் கழித்து நோயாளி அதனால் கூடுதலாக நன்றாக நடக்கிறார் என்பது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. தங்க மூட்டில் தங்கமும் கிடையாது. டைட்டானியம் நைட்ரைடு பூச்சின் நிறம் அது, அவ்வளவுதான்.

இரண்டு முட்டியையும் ஒரே நாளில் செய்யலாமா என்ற கேள்வி மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்லத் தக்கது. ஒரே மயக்க மருந்து, ஒரே மருத்துவமனைச் செலவு, ஒரே ஓய்வுக்காலம் என்பதால் நம் ஊரில் பலர் அதையே விரும்புகிறார்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம் திடமாக இருப்பவருக்குச் சரி. இதயக் கோளாறு உள்ளவருக்குச் சில மாத இடைவெளியில் இரண்டு முறையாகச் செய்வதே பாதுகாப்பு. வாஜ்பாய்க்கு இடையே எட்டு மாதம் விட்டார்கள்.

பிரதமருக்குக் கிடைத்தது சந்துக்குள்ளும் கிடைக்குமா என்று கேட்டோமே, அதற்கு வருவோம். முதலில் பணம். 2017 ஆகஸ்ட் 16-ல் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டு சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று குறைக்கப்பட்டது. உச்ச வரம்பு மூட்டுக்கு மட்டும்தான். அறை வாடகைக்கும் அறுவைக் கட்டணத்துக்கும் கிடையாது. 'பேக்கேஜ்' என்று ஒரே தொகை சொன்னால் அதில் மூட்டின் விலை எவ்வளவு என்று தனியாகக் கேட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவையைச் செய்துகொள்ளலாம். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் காத்திருப்புக் காலத்தைப் பார்க்க வேண்டும். பல பாலிசிகளில் மூட்டு மாற்றுக்கு இரண்டு, மூன்று வருடம் கழித்துத்தான் பணம் கிடைக்கும். வலி வந்த பிறகு பாலிசி எடுத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆறு வாரக் கணக்கு

குடும்பங்கள் அறுவைக்குப் பணம் சேர்க்கின்றன. நல்ல நாள் பார்க்கின்றன. மகனுக்கு லீவு சொல்கின்றன. லீவு எத்தனை நாள் என்று கேட்டால் ஐந்து நாள் என்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாளோடு எல்லோரும் கணக்கை முடித்துவிடுகிறார்கள். உண்மையான வேலை அன்றுதான் தொடங்குகிறது.

ஆஸ்பத்திரியில் அன்றோ மறுநாளோ வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்துவிடுவார்கள். முதுகு ஊசியின் மரப்பும் வலி மருந்தும் சேர்ந்து, "இவ்வளவுதானா?" என்று தோன்ற வைக்கும். மூன்றாம் நாள் அந்த மயக்கம் தெளியும். வீட்டுக்கு வந்தால் கால் தலையணைபோல வீங்கியிருக்கும். தொடையிலிருந்து கணுக்கால் வரை கருநீலம் இறங்கியிருக்கும். இது வழக்கமானதுதான் என்று முன்கூட்டியே சொல்லப்படாத வீடுகளில் அழுகை கிளம்பும்.

அந்த நேரத்தில் பாசமுள்ள மகளோ மருமகளோ செய்யும் முதல் காரியம், முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகுவது. "வலிக்குதா அத்தே, கொஞ்சம் சாய்ச்சு வைக்கறேன்." சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தலையணை அங்கேயே இரண்டு வாரம் கிடந்தால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகி, கால் நேராக நீளாது. நீளாத காலோடு நடந்தால் ஆயுசுக்கும் நொண்டல்தான். தலையணை குதிகாலுக்கு அடியில் போக வேண்டும். முட்டி அந்தரத்தில் நின்று தன் எடையாலேயே நேராகும். இந்த ஒரு விஷயத்துக்காகவே வீட்டில் இருப்பவர்களை பிசியோதெரபிஸ்ட் முன்னால் உட்கார வைத்துப் பாடம் நடத்தலாம்.

அடுத்து மடக்குவது. நாற்காலியில் உட்கார்ந்து எழ 90 டிகிரி வேண்டும். படிக்கட்டுக்கும் தாழ்வான இருக்கைக்கும் அதற்கு மேலே. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல காலால் மற்ற காலைப் பின்னுக்குத் தள்ளி, ஐந்து நொடி நிறுத்தி, மறுபடி. பயிற்சிக்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை, முடிந்ததும் ஐஸ். தினம் மூன்று வேளை. இதில் வலி இருக்கும். அந்த வலியைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள், "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும் விடுங்க" என்பார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்து இந்த ஒரு வாக்கியத்தையும் வைத்துவிட்டுப் போகிற விருந்தாளிகளால் இறுகிப்போன முட்டிகள் ஏராளம். முதல் சில வாரத்தில் மடங்காத முட்டியை மறுபடி மயக்கம் கொடுத்து மருத்துவர் மடக்கிவிட வேண்டி வரும். அதற்கும் மூன்று மாதத்துக்குள் போனால்தான் பலன்.

வீட்டையும் தயார் செய்ய வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, ராத்திரி விளக்கு; கால்மிதி எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். பத்துப் பதினைந்து நாளில் தையல் பிரிப்பார்கள். சில வாரத்தில் வாக்கர் போய்க் கைத்தடி. ஆறு வாரத்தையொட்டி, மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, ஸ்கூட்டரோ காரோ ஓட்டலாம். வீக்கமும் சூடும் மூன்று முதல் ஆறு மாதம் வரை இருக்கும். முட்டி 'நம்ம முட்டி'யாகத் தோன்ற ஒரு வருடம் ஆகும்.

சில விஷயங்கள் திரும்புவதே இல்லை. தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு தோல் மரத்தே இருக்கலாம். நடக்கும்போது 'க்ளிக்' என்று உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டும் சத்தம் கேட்கலாம். முட்டி போட்டு ஜெபிக்கிறவர்களும், தொழுகையில் மண்டியிடுகிறவர்களும், சாஷ்டாங்கமாக விழுகிறவர்களும் நாற்காலிக்கு மாற வேண்டி வரும். சப்பணம் பலருக்குத் திரும்புவதில்லை. பல நாட்டு ஆய்வுகளில், மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழு திருப்தி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு மூட்டில் கோளாறு எதுவும் இல்லை. முப்பது வயது முட்டி திரும்பி வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வலியில்லாமல் சந்தைக்குப் போய்வருவதற்குத்தான் இந்த அறுவை. பழநிப் படிக்கட்டு கிடைத்தால் அது போனஸ்.

கெண்டைக்காலில் திடீர் வலியும் வீக்கமும், மூச்சுத் திணறல், காயத்தில் சீழ், குறைந்துவந்த வலி திடீரென்று ஏறிக் காய்ச்சலோடு வருவது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. ரத்தக் கட்டியும் தொற்றும் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே அறுவைக்குப் படுக்க வேண்டும், சொத்தைப் பல்லையும் காலில் உள்ள புண்ணையும் முதலில் சரிசெய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். அவர்கள் நாள் தள்ளிப்போட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பொருத்தப்பட்ட மூட்டின் பெட்டியில் பெயர், தயாரித்த நிறுவனம், அளவு, தொகுதி எண் அச்சிட்ட சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். டிஸ்சார்ஜ் நாளன்று அந்த ஸ்டிக்கர் ஃபைலில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூட்டின் விலையையும் பெயரையும் தொகுதி எண்ணையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்று 2017 உத்தரவும் சொல்கிறது. இருபது வருடம் கழித்து அந்த பிளாஸ்டிக் துண்டு தேய்ந்தால், அதை மட்டும் மாற்றினால் போதுமா என்று தீர்மானிக்க வரப்போகும் மருத்துவர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். எக்ஸ்ரேயோடு சேர்த்து அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் எடுத்துப் பிள்ளைகளின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.